ஓய்வுக்குப் பின் போர்ச்சுகலா, தாய்லாந்தா, மலேசியாவா? எதை வைத்து முடிவு செய்வது?

நிலவன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. என் மனைவிக்கு 57. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு நாடுகளில் அவரவர் குடும்பத்தோடு நிலைபெற்றுவிட்டார்கள். எஞ்சிய காலத்தை வேறொரு நாட்டில் கழிப்பது என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே முடிவெடுத்துவிட்டதால், போகலாமா வேண்டாமா என்பது இப்போது கேள்வி அன்று. எங்கே போவது என்பதுதான் தீரவில்லை.

வாழ்க்கைச் செலவு, தட்பவெப்பம், மருத்துவமனைகளின் தரம், மொழி, பிள்ளைகள் வந்துபோகும் வசதி என்று தலைப்புகள் இட்டு மதிப்பெண் கொடுத்துப் பார்த்ததில், போர்ச்சுகல், தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எங்கள் வருமானம் என்பது என் பெயரில் வரும் ஓய்வூதியம் மட்டுமே. சேமிப்பும் பெரும்பாலும் என் பெயரில்தான் இருக்கிறது. மனைவிக்கெனத் தனி வருமானம் இல்லை. இருவருக்கும் இப்போதைக்குப் பெரிய உடல்நலக் குறை ஏதுமில்லை. எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை உண்டு.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதற்கு எதை முதன்மையாகக் கொள்ள வேண்டும்? போனதும் வீடு வாங்கிவிடுவது நல்லதா? வரி விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன? இவற்றில் நேரடி அனுபவமோ தொழில்முறை அறிவோ உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

திசைமானி:

நிலவன் ஐயா, மூன்று நாடுகளும் சமமாக வந்ததற்குக் காரணம், அவற்றைப் பெரிதும் வேறுபடுத்தும் தலைப்பு உங்கள் பட்டியலில் இல்லாததுதான். அந்த நாட்டில் எந்த உரிமையில் தங்கப் போகிறீர்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த உரிமை வலுப்பெறுமா அல்லது முதல் நாள் இருந்த நிலையிலேயே இருக்குமா என்பதை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன்.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயது நிரம்பியவர் அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாத் வைத்திருந்தாலோ, மாதம் 65,000 பாத் வருமானம் காட்டினாலோ ஓய்வூதியர் என்ற தகுதியில் ஓராண்டு தங்கலாம். அதை ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். 90 நாள்களுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரியை அறிவிக்க வேண்டும். வங்கியில் வைக்கும் பணமும் நினைத்தபோது எடுத்துச் செலவழிக்கக் கூடியதன்று: விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதமும் அனுமதி கிடைத்தபின் மூன்று மாதமும் முழுத்தொகை இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இத்தனையும் ஒழுங்காகச் செய்து இருபது ஆண்டு வாழ்ந்தாலும், ஓய்வூதியர் தகுதி என்பது நிரந்தரக் குடியிருப்பு உரிமையாகக் கனிவதில்லை. பத்தாண்டுக்கான நீண்டகால விசா ஒன்று 2022 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் உழைப்பின்றி வரும் வருமானம் வேண்டும், அல்லது அதில் பாதி வருமானத்துடன் இரண்டரை லட்சம் டாலர் அங்கே முதலீடு செய்ய வேண்டும்.

மலேசியாவில் ‘மலேசியா என் இரண்டாம் இல்லம்’ என்ற திட்டம் 2002 முதல் அந்தப் பெயரில் நடந்துவருகிறது. அதன் வரலாறே ஒரு பாடம். முன்பு மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் போதும் என்றிருந்தது, 2021இல் ஒரே அறிவிப்பில் 40,000 ஆக உயர்ந்தது; நிலைவைப்பும் 10 லட்சம் ரிங்கிட் ஆனது. 2024இல் அதையும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அடுக்குகளாக்கினார்கள். வெள்ளி அடுக்குக்கே 1,50,000 அமெரிக்க டாலர் நிலைவைப்பும், குறைந்தது 6 லட்சம் ரிங்கிட் மதிப்பில் ஒரு வீடும் தேவை. அனுமதி ஐந்தாண்டுக்கு, அதன்பின் புதுப்பிக்க வேண்டும். சரவாக் மாநிலம் தனக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது, அதன் நிபந்தனைகள் வேறு; மலேசியாதான் என்றால் அதையும் படித்துவிடுங்கள்.

போர்ச்சுகலின் டி7 விசா ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானம் உள்ளவர்களுக்கானது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடான வருமானம் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டில் அது மாதம் 870 யூரோ, வாழ்க்கைத் துணைக்கு அதில் பாதி கூடுதல். இது வாசலைத் தாண்டுவதற்கான அளவே தவிர வாழ்வதற்கான அளவு அன்று, லிஸ்பனில் அந்தப் பணம் வாடகைக்கே போதாது. முதலில் இரண்டாண்டு, பிறகு மூன்றாண்டு என்று தற்காலிக அட்டை தருவார்கள். ஐந்தாண்டு முடிந்ததும், அடிப்படை அளவில் போர்ச்சுக்கீசியம் தெரிந்திருந்தால், நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு விலையும் உண்டு: தற்காலிக அட்டைக் காலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதத்துக்கு மேலோ, விட்டுவிட்டு மொத்தம் எட்டு மாதத்துக்கு மேலோ தக்க காரணமின்றி வெளியே இருக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

ஒரே திட்டத்தின் நிபந்தனைகள் சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை தலைகீழாகும்போது, புதுப்பித்தலையே நம்பி வாழ்பவருக்கு அடுத்த மாற்றம் எந்த வயதில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. எனவே என் விருப்பம் போர்ச்சுகல் பக்கம்தான். தென்கிழக்காசியாவின் வாழ்க்கை எளிது, இனிது என்பதை மறுக்கவில்லை. 75 வயதில் குடிவரவு அலுவலக வரிசையில் நிற்பது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

---

கணக்காயர்:

வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தொழில்.

ஓர் ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் ஒரு நாட்டில் இருந்தால் அந்நாட்டு வரிக் குடியிருப்பாளர் ஆவீர்கள் என்பது பரவலான விதி. தாய்லாந்தில் 180 நாள். போர்ச்சுகலில் நாள் கணக்கு மட்டுமன்று, நிலையாக வாழும் எண்ணத்தோடு அங்கே வீடு வைத்திருப்பதே போதுமானதாகக் கொள்ளப்படலாம். அதன்பின் உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அந்நாடு கேட்கலாம் என்பதால், உங்கள் ஓய்வூதியம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் பெரும்பாலும் ஒரு பொது மாதிரியைப் பின்பற்றுகின்றன: தனியார் வேலைக்கான ஓய்வூதியத்துக்கு நீங்கள் வசிக்கும் நாடு வரி விதிக்கும், அரசுப் பணிக்கான ஓய்வூதியத்துக்கு அதை வழங்கும் நாடே வரி விதிக்கும். விதிவிலக்குகள் இருப்பதால், உங்களுக்குப் பொருந்தும் உடன்படிக்கையில் அந்த இரண்டு பிரிவுகளையாவது நீங்களே வாசித்துவிட வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு: எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவில் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும்.

சலுகைகளை நம்பி நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போர்ச்சுகல் 2009இல் புதிதாகக் குடியேறுவோருக்கென ஒரு சிறப்பு வரித்திட்டம் கொண்டுவந்தது; வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு அங்கே வரியே இல்லை என்ற நிலை சில காலம் நீடித்தது. ஓய்வூதியர்கள் திரண்டு போனார்கள். தங்கள் நாட்டு ஓய்வூதியம் எங்குமே வரி செலுத்தாமல் போவதைப் பொறுக்காமல் பின்லாந்து போர்ச்சுகலுடன் இருந்த உடன்படிக்கையை முறித்தது, அது 2019இல் நடப்புக்கு வந்தது. சுவீடனும் அவ்வாறே செய்து 2022 முதல் விலகியது. 2020இல் புதியவர்களுக்குப் பத்து விழுக்காடு வரி வந்தது. 2024 முதல் புதியவர்களுக்குத் திட்டமே மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில் ஓய்வூதியருக்கு இடமில்லை. இப்போது போகிறவர் சாதாரண வரி அடுக்குகளின்படியே செலுத்துவார், அவற்றின் உச்சம் 48 விழுக்காடு.

தாய்லாந்திலும் காற்று மாறியிருக்கிறது. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை அதே ஆண்டில் கொண்டுவராமல் அடுத்த ஆண்டில் கொண்டுவந்தால் வரி இல்லை என்று நெடுங்காலம் இருந்த வழக்கம் முடிந்துவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் ஈட்டும் வருமானத்தை எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும், நீங்கள் அப்போது அங்கே வரிக் குடியிருப்பாளராக இருந்தால் அது கணக்கில் வரும். ஆகவே அந்தத் தேதிக்கு முன் சேர்த்த பணத்தைத் தனிக் கணக்கில் பிரித்து வைத்து, அன்றைய இருப்புச் சான்றையும் பாதுகாத்துக்கொள்வது நல்லது. மலேசியா தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து பெறும் வருமானத்துக்குச் சில நிபந்தனைகளோடு 2036 வரை விலக்களித்திருக்கிறது. கால எல்லை போட்டுத் தரும் விலக்கை அந்த எல்லை வரைக்குமானதாக மட்டும் எண்ணுங்கள். அப்போது உங்களுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. ஓய்வூதியம் ஒரு நாணயத்தில் வந்து செலவு வேறொரு நாணயத்தில் ஆகும்போது, மாற்றுவிகிதம்தான் உங்கள் உண்மையான ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கிறது. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டன் நடத்திய வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டு சரிந்தபோது, யூரோ நாடுகளில் வாழ்ந்த பிரிட்டன் ஓய்வூதியர்களின் மாத வருமானம் அவர்கள் பங்குக்கு எந்தத் தவறும் இல்லாமலே சுருங்கிற்று. அதே பிரிட்டன் அரசு ஓய்வூதியத்தில் மற்றொரு விசித்திரமும் உண்டு: போர்ச்சுகலில் வாழ்பவருக்கு ஆண்டு உயர்வு கிடைக்கும், தாய்லாந்திலோ மலேசியாவிலோ வாழ்பவருக்குக் கிடைக்காது, ஆனால் பிலிப்பைன்ஸில் வாழ்பவருக்குக் கிடைக்கும். உங்கள் ஓய்வூதியம் எங்கிருந்து வந்தாலும், வெளிநாட்டில் குடியிருப்போருக்கு உயர்வு தொடருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

---

மருதம்:

இருவரும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிலவன் ஐயாவின் கேள்வியில் இருக்கும் மிக முக்கியமான வரியை இருவருமே தொடவில்லை: வருமானமும் சேமிப்பும் அவர் பெயரில் இருக்கின்றன, மனைவிக்குத் தனி வருமானம் இல்லை.

கேட்பதற்கு உறுத்தலாக இருந்தாலும் கேட்டாக வேண்டும். நீங்கள் முதலில் காலமானால், மறுநாள் உங்கள் மனைவி அந்த நாட்டில் எந்தத் தகுதியில் இருப்பார்? அவர் உங்களைச் சார்ந்தவர் என்ற முறையில் தங்கியிருந்தால், சார்ந்திருக்கும் ஆள் இல்லாதபோது அந்த அனுமதியின் அடிப்படையே போய்விடும். தாய்லாந்தில் நீட்டிப்புக்குக் காட்டும் வைப்புத்தொகை பொதுவாக விண்ணப்பதாரரின் தனிப்பெயரில் இருக்க வேண்டும். அவர் இறந்தால், வாரிசுரிமை நடைமுறை முடியும்வரை அந்தப் பணத்தை மனைவியால் தொட முடியாமல் போகலாம். துக்கத்தோடு துக்கமாக, பணமும் அனுமதியும் ஒரே வாரத்தில் கேள்விக்குள்ளாகும். அம்மாவுக்கு 57 வயது என்பதால் இதற்கு ஒரு வழி இருக்கிறது: 50 வயதைக் கடந்தவர் என்ற முறையில் அவரும் தொடக்கத்திலிருந்தே தம் பெயரில் தனிக் கணக்கு வைத்து, தனியாக ஓய்வூதியர் தகுதியைப் பெறலாம். செலவு இரட்டிப்பாகும். ஆனால் அந்த இரட்டிப்புச் செலவுதான் தாய்லாந்தில் வாழ்வதற்கு உங்கள் குடும்பத்துக்கு ஆகும் உண்மையான விலை. உங்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

போர்ச்சுகலில் குடும்ப இணைப்பு வழியாக வந்த துணைக்கு, முதல் அனுமதி கிடைத்து இரண்டாண்டுக்குப் பின் தனித்த குடியிருப்பு உரிமை பெற வழியிருக்கிறது. கைம்மை போன்ற சூழ்நிலையில் அதற்கு முன்பே அது வழங்கப்படலாம். மலேசியத் திட்டத்தில் முதன்மை விண்ணப்பதாரர் இறந்தால் என்ன ஆகும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் ஓய்வூதியத்துக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா, எத்தனை விழுக்காடு, அது வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு வருமா என்று பாருங்கள். பாதியாகக் குறைந்தால், அந்தப் பாதியைக் கொண்டு அம்மா தனியாக விசா நிபந்தனையை நிறைவேற்ற முடிகிற நாடு எது? என்னைக் கேட்டால், உங்கள் மூன்று நாடுகளையும் வரிசைப்படுத்த இந்த ஒரு கேள்வியே போதும். இருவராக வாழ ஏற்ற நாடு நிறைய உண்டு. தனியொருவராக, எழுபத்தைந்து வயதில், வண்டி ஓட்ட முடியாத நிலையில், அந்நிய மொழியில் மருத்துவரிடம் வலியை விளக்க வேண்டிய நிலையில் வாழ ஏற்ற நாடு எது என்று தேடினால் பட்டியல் தானாகவே சிறுத்துவிடும்.

மருத்துவத்திலும் இதே கண்ணோட்டம்தான் தேவை. பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் தனியார் மருத்துவமனைகள் மிகத் தரமானவை, இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே நீங்கள் காப்பீட்டை நம்பித்தான் வாழ வேண்டும். தனியார் காப்பீட்டில் வயது ஏற ஏறத் தவணை ஏறும், குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், முன்பே இருக்கும் நோயை விலக்கி வைப்பார்கள். உங்கள் இரத்த அழுத்தம் இன்று சிறிய விஷயம். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் நாளைய மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதுவே காரணமாக எழுதப்படலாம். போர்ச்சுகலில் சட்டப்படி குடியிருப்பவர் பொது மருத்துவச் சேவையில் பதிவுசெய்துகொள்ளலாம், அங்கே வயதையோ பழைய நோயையோ காட்டி விலக்குவதில்லை. குடும்ப மருத்துவர் அமைவதற்கும் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கும் நெடுநாள் காத்திருக்க நேரும் என்பது அதன் குறை. பலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்: சிறியவற்றுக்குத் தனியார் காப்பீடு, பெரிய நோய்க்குப் பொதுச் சேவை.

உயிலையும் மறந்துவிடாதீர்கள். அயர்லாந்தும் டென்மார்க்கும் தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒருவர் கடைசியாக வழக்கமாய் வாழ்ந்த நாட்டின் சட்டமே அவருடைய வாரிசுரிமையைத் தீர்மானிக்கும். போர்ச்சுக்கீசியச் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டாயமாக ஒதுக்கப்பட்டுவிடும். எல்லாவற்றையும் மனைவிக்கே விட்டுச்செல்ல நினைத்தால் அது தடையாகலாம். தம் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் வெளிப்படையாக எழுதிவைக்க அதே விதி இடம் தருகிறது.

---

ஊர்க்குருவி:

சுருக்கமாக இரண்டு சொல்கிறேன்.

வீடு வாங்காதீர்கள், குறைந்தது தொடக்க ஆண்டுகளில். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்கக வீடு வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அது சட்டத்துக்குப் புறம்பானது. மலேசியத் திட்டமோ வீட்டை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது, பத்தாண்டுக்கு விற்கவும் விடுவதில்லை. விலை கூடிய வீட்டுக்கு மாறுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. நாடு பிடிக்கவில்லை என்று தெரிந்தபின் கையில் ஒரு வீடு இருப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை.

இரண்டாவது, எந்த நாட்டையும் அதன் மோசமான பருவத்தில் போய்ப் பாருங்கள். வடக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் உட்பட, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகை மூச்சை அடைக்கும். டிசம்பரில் சுற்றிப் பார்த்துவிட்டு மயங்கி முடிவெடுத்தவர்கள் மார்ச்சில் தெற்கே ஓடுவதுண்டு. மலேசியத் தீபகற்பத்துக்கும் சில ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அண்டை நாடான இந்தோனேசியாவில் மக்கிய தாவரங்கள் படிந்த கரிநிலங்கள் எரியும் புகை வருகிறது, 1997இலும் 2015இலும் அது கடுமையாக இருந்தது. போர்ச்சுகலின் வெயிலை எல்லோரும் புகழ்வார்கள். அங்கே பல வீடுகளில் வெப்பமூட்டும் வசதி கிடையாது, சுவர்களில் ஈரம் ஏறும். ஜனவரி மாதத்தில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம் என்று அங்கு வாழ்வோர் சொல்வது மிகையன்று.

---

நிலவன்:

அனைவருக்கும் நன்றி. மருதம் அம்மா எழுதியதை என் மனைவி வாசித்துவிட்டு, இதை இத்தனை நாள் நீங்கள் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. குடும்ப ஓய்வூதியம் அறுபது விழுக்காடு என்று ஆவணத்தில் இருக்கிறது, வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்புவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த அறுபது விழுக்காட்டில் பார்த்தால், தற்போதைய மாற்றுவிகிதத்தில் போர்ச்சுகலின் நிபந்தனையை அவர் தனியாகவே தாண்டிவிடுகிறார். தாய்லாந்தின் மாத வருமான நிபந்தனையைத் தாண்டவில்லை, வைப்புத்தொகை வழியில்தான் முடியும். மலேசியாவை இருவருமாக விலக்கிவிட்டோம், அவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் முடக்குவதற்கில்லை.

ஒரே ஒரு ஐயம். டி7 விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறார்கள். பார்க்காத ஊரில் ஓராண்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது எப்படி?

---

திசைமானி:

ஆம், பொதுவாகப் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தை எதிர்பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பு ஒரு முறை குறுகிய காலப் பயணமாகப் போய், இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்து, நேரில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் முறையான வழி. அதே பயணத்தில் அந்நாட்டு வரி எண்ணையும் பெற்று, வங்கிக் கணக்கையும் திறந்துவிடலாம். இரண்டும் விண்ணப்பத்துக்கு வேண்டியவை. வாடகை ஒப்பந்தம் வரித்துறையில் பதிவானதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள், பதிவாகாத ஒப்பந்தத்தைத் தூதரகம் ஏற்காமல் போகலாம். ஊர்க்குருவி சொன்னதைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பயணத்தை ஜனவரியில் வையுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரோடு உங்கள் மனைவியின் பெயரையும் வாடகைதாரராக எழுதச் சொல்லுங்கள்.